தெரியாதவரிடம் தயங்காமல் பேச்சைத் தொடங்குதல்: மலையக இளைஞர்களுக்கான முழுமையான வழிகாட்டி

உயர்தரம் முடித்து வேலை தேடுபவர்கள், பல்கலைக்கழகத்துக்கோ கல்விக் கல்லூரிக்கோ புதிதாகச் செல்பவர்கள், கொழும்பில் கடையிலோ காரியாலயத்திலோ சேரவிருப்பவர்கள் ஆகியோருக்காக இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் வகுப்புகளில் இவர்களோடு பழகி வருகிறேன். வகுப்பில் மணிக்கணக்காகப் பேசும் பிள்ளை, வங்கியில் ஒரு படிவம் கேட்பதற்குத் தோழனை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இவர்களுக்கு மொழி உண்டு, அறிவும் உண்டு. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தைரியம் வந்த பிறகு பேசலாம் என்று காத்திருப்பவருக்கு அது வருவதே இல்லை. சிறிய இடங்களில் பேசிப் பழகியவருக்கு அது கேட்காமலே வந்து சேர்கிறது. எனவே கீழுள்ள படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. முன்கூட்டியே ஆயத்தம் செய்ய வேண்டியவை

முதலாவது, விடைபெறும் வாக்கியம். பேச்சைத் தொடங்கப் பயப்படுபவர்களிடம் காரணத்தைத் துருவிக் கேட்டால், “தொடங்கிவிட்டு எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை” என்பதே பெரும்பாலும் வெளியே வருகிறது. வெளியேறும் வழி தெரிந்தவருக்கு உள்ளே நுழைவதில் பாதிப் பயம் குறைந்துவிடும். “சரிங்கண்ணே, நான் வாறேன், ரொம்ப நன்றி” என்பது போன்ற ஒன்றைத் தெரிவு செய்து நாக்கில் ஏற்றிக்கொள்ளவும்.

இரண்டாவது, இரண்டே வாக்கியங்களில் தன்னறிமுகம். பெயர் ஒரு வாக்கியம், இப்போது செய்துகொண்டிருப்பது மற்றொரு வாக்கியம். இதை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது. வீட்டுக்கு வெளியே நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் மனம் வெறுமையாகும் வேளையில் கைகொடுப்பது வாய்க்குப் பழகிய சொல்லே.

மூன்றாவது, உண்மையான ஒரு சிறு தேவை. பஸ் எத்தனை மணிக்கு, இந்தப் படிவம் எங்கே கிடைக்கும், இந்த மாங்காய் புளிக்குமா என்பவை போதும். பயிற்சிக்காகப் பொய்யாக ஒன்றைக் கேட்டால், கேட்பவரின் முகமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

2. இடங்களை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தல்

முதற்படி, பதில் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள்: கடைக்காரர், பஸ் நடத்துநர், மருந்தகத்தில் நிற்பவர். இவர்களிடம் பேசுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இரண்டாம் படி, நம்மோடு சேர்ந்து காத்திருப்பவர்கள்: பஸ் தரிப்பிடம், புகையிரத நிலையம், ஆஸ்பத்திரி வரிசை. மூன்றாம் படி, ஒரே நிகழ்வுக்கு வந்தவர்கள்: கோயில் திருவிழா, கல்யாண வீடு, புதிய வகுப்பின் முதல் நாள். நான்காம் படி, அதிகாரத்தில் இருப்பவர்கள்: பிரதேச செயலகம், வங்கி முகாமையாளர், நேர்முகத் தேர்வு மேசை.

புதியவர்கள் பெரும்பாலும் நான்காம் படியிலேயே தொடங்குகிறார்கள். நேர்முகத் தேர்வு அறிவித்தல் கைக்கு வந்த பிறகுதான் பேசப் பழக வேண்டும் என்ற நினைப்பே எழுகிறது. அதுவரை வீட்டுக்கு வெளியே தானாக ஒரு வாக்கியத்தைத் தொடங்கியிராத ஒருவர், மூன்று பேர் அமர்ந்திருக்கும் மேசையின் முன்னால் நின்று பழக முயன்றால் அது பயிற்சியாகாது, தண்டனையாகும்.

இரண்டாம் படிக்கு வரும்போது, “அவர்களுக்கு என்னோடு பேச விருப்பம் இராது” என்ற எண்ணம் குறுக்கே வரும். இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்னும் ஆய்வாளர்கள் சிக்காகோவின் ரயில், பஸ் பயணிகளைக் கொண்டு செய்த ஆய்வு 2014இல் வெளியானது. பக்கத்தில் இருக்கும் அந்நியரோடு பேசினால் பயணம் கசந்துபோகும் என்றே பயணிகள் எதிர்பார்த்தனர். ஆனால் பேசும்படி பணிக்கப்பட்டவர்களே, பேசாமல் தனித்திருந்தவர்களைவிட இனிய பயணம் அமைந்ததாகக் கூறினர். முகம் கொடுத்துப் பேசும் பழக்கம் நம் பக்கத்துப் பஸ்களில் இன்னும் அற்றுப்போகவில்லை என்பதால், இங்கே நிலைமை அதைவிட எளிது என்பது என் கணிப்பு.

3. பேசுவதற்கு முன் எதிரில் இருப்பவரைக் கவனித்தல்

வாயைத் திறப்பதற்கு முன் ஓரிரு மூச்சு நேரம் அவரைப் பார்க்கவும். காதில் இயர்போனைச் செருகியிருப்பவர், கைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர், பணம் எண்ணிக்கொண்டிருப்பவர், அழும் குழந்தையைத் தேற்றிக்கொண்டிருப்பவர் ஆகியோரை விட்டுவிட வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருப்பவர், மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு நிமிர்பவர், நம் பார்வை பட்டதும் லேசாகத் தலையசைப்பவர் ஆகியோர் பேச்சுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். தொடக்கம் வெற்றி பெறுவது பெரும்பாலும் ஆளைத் தெரிவு செய்வதிலேயே தங்கியிருக்கிறது; சொல்லின் அழகு அதற்குப் பிறகுதான் வருகிறது.

இளைஞர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தனியாகப் பயணம் செய்யும் பெண்ணிடம் பேசிப் பழகுவதைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. கொழும்பில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு ஊர் திரும்பும் பெண் பிள்ளைகளுக்கு இராப் பஸ்ஸில் யாராவது பேச்சுக் கொடுப்பதே பெரிய தொல்லையாக இருக்கிறது. யுவதிகளுக்கு நான் சொல்வது, வயதில் மூத்த பெண்ணோடோ குடும்பமாக வந்திருப்பவர்களோடோ தொடங்க வேண்டும், வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்தில் தொடங்க வேண்டும் என்பதே. மனதுக்கு ஒவ்வாத எவரிடமும் பதில் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

4. சரியான விளிப்பைத் தெரிவு செய்தல்

நம் பேச்சில் முதலில் விழும் சொல் விளிப்புத்தான். அது பிழைத்தால் பின்னால் வரும் நல்ல கேள்வியும் எடுபடாது. விளிப்பே இல்லாமல் “ஹலோ”, “இங்க பாருங்க” என்று தொடங்குவது, கூட்டத்தில் யாரை அழைக்கிறோம் என்பதையும் மரியாதையின் அளவையும் தெளிவில்லாமல் விட்டுவிடுகிறது.

முறை வைத்து அழைப்பதில் நமக்குக் குறையில்லை: அண்ணே, அக்கா, தம்பி, தங்கச்சி, ஐயா, அம்மா. கடைவீதியில் முஸ்லிம் கடைக்காரரை “நானா” என்றும், வயதும் உறவும் பிடிபடாத கடைக்காரரை “முதலாளி” என்றும் அழைக்கலாம். பாடசாலையிலும் காரியாலயத்திலும் “சேர்”, “மிஸ்” என்பவையே வழக்கு. தோட்டத்து ஒபீசில் பெரியவர்கள் “கிளாக்கரையா” என்று அழைப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் சிலர், பிரதேச செயலகத்திலும் அதே பணிவோடு குனிந்து “ஐயா” என்று தொடங்குகிறார்கள். அங்கே “வணக்கம் சேர்” என்று நிமிர்ந்து சொல்வது போதும். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வயது பிடிபடாதபோது ஒரு படி இளமையாக அழைப்பதே நல்லது. முப்பதைக் கடந்த பெண்ணை “அம்மா” என்றோ “ஆன்ட்டி” என்றோ அழைத்துவிட்டு, அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து மீதிக் கேள்வியை விழுங்கிக்கொண்டவர்கள் பலர். “அக்கா” என்றால் யாரும் கோபிப்பதில்லை.

5. இருவருக்கும் பொதுவான ஒன்றைப் பற்றி முதல் வாக்கியம்

எல்லாப் படிகளிலும் அதிகம் சறுக்குவது இதில்தான். ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதல் வாக்கியம் நம்மைப் பற்றியதாகவும் இருக்கக் கூடாது, அவரைப் பற்றியதாகவும் இருக்கக் கூடாது. இருவரும் அந்த நேரத்தில் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். வராத பஸ், விடாத மழை, நகராத வரிசை, கோயில் முன்றலில் கட்டிய சோடனை ஆகியவை இருவருக்கும் சமமாகச் சொந்தமானவை. அவற்றைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்பவர் எதையும் வெளிப்படுத்த வேண்டியதில்லை; விருப்பம் இல்லாவிட்டால் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரம் கொடுக்கப்படும்போதுதான் மனிதர்கள் தாமாகப் பேச முன்வருகிறார்கள்.

ஹட்டன் புகையிரத நிலையத்தில் நடக்கக்கூடிய ஒன்றைக் காட்டுகிறேன். பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகும் கோச்சி தாமதம். பக்கத்து வாங்கில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், மடியில் மருந்துக் கொப்பி வைத்த பையுடன் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“அம்மா, கொழும்புக் கோச்சி எங்கனயாவது வந்திருச்சா?”

“கொட்டகலையில நிக்குதாம்ப்பா. இந்தா வருது, அந்தா வருதுங்கிறாங்க.”

“இந்த மழைக்கு மண்ணு கிண்ணு சரிஞ்சிருக்குமோ?”

“யாரு கண்டா? எனக்கு நாளைக்குக் காலையில கிளினிக்கு. இன்னைக்கே போய்ச் சேந்துட்டா நல்லது.”

இதில் முதற்கேள்வி முழுவதும் கோச்சியைப் பற்றியது. இரண்டாவது மழையைப் பற்றியது. கிளினிக் என்ற செய்தியை அந்த அம்மா தாமாகவே தந்தார். யாரும் தோண்டி எடுக்கவில்லை. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதை ஏழாம் படியில் பார்ப்போம்.

இந்தப் படியில் நேரும் தவறுகள் இரண்டை மட்டும் குறிப்பிட வேண்டும். ஒன்று, “தொந்தரவு செய்யிறேன்னு நெனைக்காதீங்க” என்று மன்னிப்பிலிருந்து தொடங்குவது. தொந்தரவு என்று நினைத்திராதவரையும் அது அப்படி நினைக்க வைக்கிறது. மற்றது, “ஒண்ணு கேக்கலாமா?” என்று முன்னுரை போடுவது. கேட்பவருக்கு அது பண உதவியா, சீட்டுப் பணமா, வேறேதும் சிக்கலா என்ற கலக்கத்தையே தருகிறது. பதில் வரும் வரையில் கேட்டவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. விளிப்பு, உடனே கேள்வி என்ற ஒழுங்கில் சென்றால் இரண்டு தொல்லையும் இல்லை.

6. பதில் வரும் வரை பொறுத்திருத்தல்

கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ளவும். எளிதாகத் தோன்றினாலும், பதற்றத்தில் உள்ளவருக்கு இதுவே கடினம். பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையேயுள்ள இடைவெளி சராசரியாக ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே இருப்பதைக் காட்டியது. அவ்வளவு குறுகிய இடைவெளிக்குப் பழகிய காதுக்கு இரண்டு விநாடி மௌனம் பெரும் பள்ளமாகத் தெரிகிறது. உடனே இரண்டாம் கேள்வியையும் மூன்றாம் கேள்வியையும் அடுக்கினால், எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் எதிரில் இருப்பவர் தலையை மட்டும் ஆட்டுவார். மூச்சை ஒருமுறை இழுத்து விடும் நேரம் காத்திருந்தால் பதில் வந்துவிடும்.

7. வந்த பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுத்தல்

“அடுத்து என்ன பேசுவது?” என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர், எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேட்கவில்லை என்பதே பொருள். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் கேள்வி கேட்பவர்களை, அதிலும் வந்த பதிலைத் தொடர்ந்து கேட்பவர்களை மற்றவர்கள் கூடுதலாக விரும்புவது தெரியவந்தது. கேள்விப் பட்டியலை மனப்பாடம் செய்து செல்பவர் இந்த நன்மையை இழக்கிறார், ஏனெனில் அவர் கவனம் முழுவதும் பட்டியலின் அடுத்த வரியிலேயே இருக்கிறது.

ஹட்டன் வாங்குக்குத் திரும்புவோம். “எனக்குக் கிளினிக்கு” என்றதும், பழகாதவர் “என்ன வருத்தம்?” என்று கேட்டுவிடுவார். அக்கறையில் கேட்டாலும் அது முன்பின் தெரியாதவரின் உடம்புக்குள் கையை விடுவதாகும். “எந்த ஆஸ்பத்திரிக்கும்மா? கோட்டை ஸ்டேஷன்ல இறங்கிப் போக வழி தெரியுமா?” என்று கேட்டால், சொன்ன செய்தியையே தொட்டதாகவும் இருக்கும், உதவியாகவும் இருக்கும். நோயைப் பற்றிச் சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். சம்பளம், கல்யாணம், பிள்ளைப் பேறு, குடும்பக் கடன் என்பவற்றுக்கும் இதுவே விதி: அவர் தொட்டால் நாம் கேட்டுக்கொள்ளலாம், நாம் தொடக் கூடாது.

அவர் கேள்விக்கு நாமும் ஏதாவது தர வேண்டும். “நீங்க எங்க போறீங்க தம்பி?” என்றால் “கொழும்புக்கு” என்று நிறுத்தாமல், “கொழும்புக்கு, ஒரு இன்டர்வியூ இருக்கு” என்று ஒரு துண்டு கூட்டிச் சொல்லவும். அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் பேச்சைத் தொடர முடியும். ஒற்றைச் சொல் பதில்களைச் சொல்லிவிட்டுப் பேச்சு நின்றுபோனதே என்று வருந்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

8. “எந்த இடம்?” என்ற கேள்விக்கு ஆயத்தமாக இருத்தல்

நமக்குள் இருவர் சந்தித்தால் “எந்தத் தோட்டம்? எந்த டிவிசன்? மேப்பிரிவா, கீழ்ப்பிரிவா?” என்று கேட்டு, இரண்டு நிமிடத்தில் ஒரு மாமாவையோ சித்தியையோ பொதுவாகக் கண்டுபிடித்துவிடுவோம். அது அன்பான வழக்கம். அதே கேள்வி கொழும்புக் காரியாலயத்திலும் விடுதியிலும் எழும்போது, பிள்ளைகள் பலர் திணறிப்போகிறார்கள். கேட்பவர் தம்மைக் குறைவாக நினைப்பாரோ என்ற அச்சத்தில் “கண்டிப் பக்கம்” என்று மழுப்புகிறார்கள். “கண்டியில் எங்கே?” என்ற அடுத்த கேள்வியில் பொய் நீள்கிறது, குரல் தளர்கிறது, அதற்குப் பிறகு அந்த நபரைத் தவிர்க்கவே தோன்றுகிறது. நட்பாக வளர்ந்திருக்க வேண்டிய எத்தனையோ அறிமுகங்கள் இந்த ஓர் இடத்தில் முறிவதைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன்.

பதிலை முன்கூட்டியே அமைத்துக்கொள்வதே வழி. நகரின் பெயர், தோட்டத்தின் பெயர், அதோடு கேட்பவர் பிடித்துக்கொள்ள ஒரு செய்தி. “தலவாக்கலைக்குப் பக்கத்தில ஒரு தோட்டம். வீட்டு முற்றத்தில நின்னா சென் கிளயார் அருவி தெரியும்” என்று சொன்னால், கேட்பவரின் அடுத்த கேள்வி பெரும்பாலும் அருவியை நோக்கியே போகும். பேச்சின் திசையை நாமே தெரிவு செய்கிறோம். எதையும் மறைக்கவும் இல்லை.

பேச்சுவழக்கையும் மாற்ற வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தவரோடு பேசும்போது அவர்களைப் போலவே பேச முயன்று சொல்லுக்குச் சொல் தடுக்குபவர்கள் உண்டு. நம் “வாங்க, போங்க, சொல்லுங்க” முழு மரியாதை கொண்ட பேச்சு. எதிரில் இருப்பவருக்குப் புரியாத சொல் வந்தால் மட்டும் அதை மாற்றிச் சொன்னால் போதும்.

9. சிங்களத்தில் தொடங்க வேண்டி வரும்போது

பதுளையிலும் கண்டியிலும் கொழும்பிலும் இது தவிர்க்க முடியாதது. முழுதாகக் கற்று முடித்த பிறகு பேசலாம் என்று ஒத்திவைக்காமல், நான்கு வாக்கியங்களை மட்டும் பிழையறப் பழகிக்கொள்ளவும்.

தொடங்குவதற்கு “சமாவென்ன” என்று சொல்லி, வயதுக்கேற்ப “அய்யே”, “அக்கே”, “மல்லி”, “நங்கி” என்றோ, காரியாலயமானால் “மாத்தயா”, “மிஸ்” என்றோ அழைக்கலாம். அடுத்து “மட்ட சிங்ஹல டிக்கக் புளுவன்” என்று, கொஞ்சம்தான் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடவும். விளங்காவிட்டால் “கருணாகரலா ஹெமின் கியன்ன” என்று மெதுவாகச் சொல்லும்படி கேட்கலாம். முற்றாக முடியாத இடத்தில் “தெமள தன்ன கெனெக் இன்னவத?” என்று, தமிழ் தெரிந்தவர் யாரேனும் உண்டா எனக் கேட்கலாம்.

அளவை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. சொல்லாவிட்டால் அவர் முழு வேகத்தில் பதில் தருவார். நாம் புரிந்தது போல் தலையாட்டிவிட்டுத் தவறான பஸ்ஸில் ஏறுவோம். சொல்லிவிட்டால் அநேகர் வேகத்தைக் குறைப்பதோடு, தமக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லையும் சேர்த்துக்கொண்டு உதவ முயல்வார்கள்.

10. அரச அலுவலகத்திலும் தொலைபேசியிலும்

மலையில் ஒரு நிரையிலிருந்து மறு நிரைக்குக் கேட்கக் கூப்பிடும் குரல், அலுவலக வாசலில் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. தோட்டத்து ஒபீசில் ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளிருப்பவர் நிமிர்ந்து “என்ன?” என்று கேட்கும் வரை காத்திருக்கும் பழக்கம் தலைமுறைகளாக ஊறியது இதற்கொரு காரணம் என்று கருதுகிறேன். பிரதேச செயலகத்தில் அப்படிக் காத்திருந்தால் பின்னால் வந்தவர் முன்னால் போய்விடுவார்; யாரும் கேட்க மாட்டார்கள்.

இங்கே ஒழுங்கு நான்கு துண்டுகளாக அமைய வேண்டும்: வணக்கம், பெயர், தேவை, கேள்வி. “வணக்கம் மிஸ். என் பெயர் இன்னது. தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருக்கிறது. அதைத் திருத்துவதற்கு எந்தப் படிவம் வேண்டும்?” என்று சொன்னால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது உத்தியோகத்தருக்கு உடனே தெரிகிறது. நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது, பெயர் எப்படிப் பிழைத்தது, அப்போது பதிந்தவர் யார், அதனால் பாடசாலையில் பட்ட அலைச்சல் என்ன என்று கதையிலிருந்து தொடங்குவதாகும். கதை முடிவதற்குள் உத்தியோகத்தர் அடுத்தவரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். கேட்டால் மட்டும் கதையைச் சொல்லவும்.

தமிழில் தொடங்கலாமா என்ற ஐயமே பலரை ஊமையாக்குகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்று. நிர்வாக மொழியாகச் சிங்களம் வழங்கும் பகுதிகளிலும் உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் அலுவல் பார்க்கவும் அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. நடைமுறையில் தமிழ் தெரிந்தவர் அந்த நேரத்தில் இல்லாமல் இருக்கலாம். அப்போது ஒன்பதாம் படியின் நான்காம் வாக்கியம் உதவும். எப்படியாயினும், தமிழில் தொடங்கியதற்காக யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

தொலைபேசிக்கும் இதே நான்கு துண்டுகள்தான். முகம் தெரியாததால் எளிது என்று சிலர் நினைப்பார்கள். முகக்குறிப்பு கிடைக்காததால் அது கடினமே. பேச வேண்டியதைக் கொப்பியில் எழுதி, கண் முன்னால் வைத்துக்கொண்டு பேசவும். அரச தகவல் நிலையத்தின் 1919 என்னும் இலக்கத்தில் தமிழிலும் தகவல் கேட்கலாம். அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவை பற்றி உண்மையான கேள்வி இருக்கும்போது அங்கு அழைத்துப் பழகுவது நல்ல ஆரம்பமாகும்.

11. பேச்சை முடித்து விடைபெறுதல்

பேச்சு வற்றும் வரை இழுக்காமல், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடிக்கவும். அவர் சொன்ன ஒன்றைத் தொட்டு முடித்தால் போதும்: “கிளினிக் நல்லபடியா முடியட்டும்மா, நான் வாறேன்.” தொலைபேசி இலக்கம் கேட்பது முதற் சந்திப்புக்கு உரியதன்று, வேலை தொடர்பாகத் தேவைப்பட்டால் காரணத்தைச் சொல்லிக் கேட்கவும்.

12. பேசிய பிறகு நேரும் மனக்கலக்கம்

தொடக்கம் நன்றாக அமைந்தவர்களும் வீட்டுக்கு வந்து, “அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, என்ன நினைத்திருப்பார்களோ” என்று குமைவதுண்டு. அந்தக் கலக்கத்தால் அடுத்த நாள் பேசாமல் விடுவதே உண்மையான இழப்பு. முதன்முறையாகச் சந்தித்துப் பேசியவர்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், எதிரில் இருந்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்தது என்பதைப் பெரும்பாலோர் குறைவாகவே மதிப்பிட்டது கண்டறியப்பட்டது. இதற்கு முன், 2000இல் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகத்தவர் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படம் அச்சிட்ட சட்டை அணிந்து அறைக்குள் சென்ற மாணவர்கள் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்களோ, அதில் ஏறக்குறைய பாதிப் பேரே உண்மையில் கவனித்திருந்தனர். நாக்கு ஒருமுறை தடுக்கியதை நாம் இரவு முழுவதும் நினைத்திருப்போம். கேட்டவர் தம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அதை அங்கேயே விட்டுச் சென்றிருப்பார்.

எனவே பேசிய அன்றே கொப்பியில் மூன்று குறிப்புகள் மட்டும் எழுதவும்: யாரிடம், முதல் வாக்கியம் என்ன, என்ன பதில் வந்தது. நன்றாகச் செய்தேனா என்ற தீர்ப்பை எழுத வேண்டாம். அந்தத் தீர்ப்பை எழுதுவது உங்கள் பயமே.

13. நான்கு வாரப் பயிற்சி ஒழுங்கு

முதல் வாரம், நாளொன்றுக்கு ஒரு தடவை, கடையிலோ பஸ்ஸிலோ பொருளுக்கும் பணத்துக்கும் அப்பால் ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசவும். “முதலாளி, இன்னைக்கு மரக்கறி எங்கயிருந்து வந்திச்சி, வெலிமடையா?” என்பது போதும். இரண்டாம் வாரம், காத்திருக்கும் இடங்களில் ஐந்தாம் படியை மட்டும் செய்யவும். பதில் குறுகியதாக வந்தால் அத்துடன் விட்டுவிடவும். மூன்றாம் வாரம் ஏழாம் படியைச் சேர்த்துக்கொண்டு, பதிலிலிருந்து ஒரு கேள்வியையாவது எடுக்கவும். நான்காம் வாரம், உண்மையான அலுவலோடு ஓர் அரச அலுவலகத்துக்கோ வங்கிக்கோ தனியாகச் செல்லவும். தோழனை அழைத்துச் சென்றால் பேச்சு அவன் வாய்க்குப் போய்விடும்.

பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்பவர் எந்த வாரத்திலும் ஒருவர் இருப்பார். அவருக்கு “சரிங்க” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே எளிதான இன்னோர் ஆளிடம் பேசிவிட்டு வீடு திரும்பவும். கடைசியாக நடந்தது தோல்வியாக இருந்தால் அடுத்த நாள் கால் நகராது. நான்காம் வாரம் முடியாமல் போனால் மூன்றாம் வாரத்துக்கு ஒரு படி இறங்கி மீண்டும் ஏறலாம். அலுவலகத்துக்கு மறுபடியும் போகும்போது, கூட்டம் சேர்வதற்கு முன்பே, கதவு திறக்கும் நேரத்துக்கு, அதே நான்கு துண்டுகளை எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு செல்லவும்.